உர மூட்டைக்குள் ஒளிந்து வரும் லாந்தனம்

சூப்பர் பாஸ்பேட் மூட்டையின் மேல் பாஸ்பரஸ் எத்தனை சதவீதம், கந்தகம் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். சீரியம், லாந்தனம், நியோடிமியம் பற்றிப் பேச்சே இருக்காது. ஆனால் அவையும் உள்ளேதான் இருக்கின்றன.

இவை அருமண் தனிமங்கள். ஸ்காண்டியம், இட்ரியம், அப்புறம் லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான 15 லாந்தனைடுகள், மொத்தம் 17. பெயரில்தான் அருமை எல்லாம்; புவியோட்டில் சீரியம் ஏறக்குறைய செம்பின் அளவுக்கே இருக்கிறது. லாந்தனத்துக்கு 1839இல் பெயர் வைத்த ஸ்வீடன் வேதியியலாளர் மொசாண்டர், 'ஒளிந்திருப்பது' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லை எடுத்தார். பொருத்தமான பெயர்.

இந்த உரத்துக்கு மூலப்பொருள் பாஸ்பேட் பாறை; அதன் முக்கியக் கனிமம் அபடைட். அபடைட் படிகத்தில் கால்சியம் அயனி உட்காரும் இடங்கள் உண்டு. லாந்தனம், சீரியம், நியோடிமியம் அயனிகளும் கிட்டத்தட்ட அதே பருமன்தான். அதனால் பாறை உருவாகும்போதே சில இருக்கைகளை இவை பிடித்துக்கொள்கின்றன. கால்சியத்துக்கு மின்னூட்டம் 2+, இவற்றுக்கு 3+. அந்தக் கூடுதல் ஒன்றை, பக்கத்து இருக்கையில் கால்சியத்துக்குப் பதில் 1+ கொண்ட சோடியம் வந்து உட்கார்ந்து சரிக்கட்டிவிடும். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பாறைக்குழம்பு உறைந்து உண்டான அபடைட்டில் இவை ஏறக்குறைய 1 சதவீதம் வரை உண்டு. மொராக்கோவின் கடற்படிவுப் பாறைகளில் அதைவிட நன்றாகவே குறைவு.

ஆலையில் பாதை பிரிகிறது. பாறைத்தூளில் கந்தக அமிலம் ஊற்றினால் பாஸ்பாரிக் அமிலமும் ஜிப்சமும் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தை வடித்தெடுத்து டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் செய்யும்போது, அருமண் தனிமங்களில் பெரும்பகுதி ஜிப்சத்தோடு ஒதுங்கிவிடும். சூப்பர் பாஸ்பேட்டில் வடிகட்டும் வேலையே இல்லை. பாறையில் இருந்தது அப்படியே வயலுக்கு வருகிறது.

எவ்வளவு வருகிறது? ஒரு ஹெக்டேரில் மேல்மண் சுமார் 2,500 டன். கிலோவுக்கு 160 மில்லிகிராம் என்று வைத்தால், அந்த மண்ணில் ஏற்கெனவே 400 கிலோ அருமண் தனிமங்கள் கிடக்கின்றன. கிலோவுக்கு 1 கிராம் கொண்ட உரத்தை 400 கிலோ போட்டால் கூடுவது 400 கிராம். ஆயிரத்தில் ஒரு பங்கு. பயிர் எடுப்பது மிகச் சொற்பம், அதுவும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். மீதி மேல்மண்ணிலேயே ஆண்டுக்கு ஆண்டு சேரும்.

எருவிலும் இதே கதைதான். சீனாவில் பன்றித் தீவனத்தில் இவற்றைக் கலப்பதுண்டு. குடல் இவற்றை அரிதாகவே உறிஞ்சும், ஏனென்றால் லாந்தனம் பாஸ்பேட்டைக் கண்டால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாகிவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கு லாந்தனம் கார்பனேட் மாத்திரை தருவதே இந்தப் பிடிப்புக்காகத்தான். ஆக, தீவனத்தில் போட்டது சாணத்தில் வரும், சாணம் வயலுக்குப் போகும்.

அதே சீனாவில் விளைச்சலுக்காகவே இவற்றை நைட்ரேட் உப்பாகப் பயிருக்குத் தெளிக்கிறார்கள். சிறு அளவில் வளர்ச்சி கூடுவதும், அளவு மீறினால் வேர் குன்றுவதும் சோதனைகளில் தெரிந்த விஷயம். மண்ணில் 400 கிலோ இருக்கும்போது சில கிராம் என்ன செய்துவிடும் என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் மண்ணில் இருப்பது பாஸ்பேட்டிலும் களிமண்ணிலும் இரும்பு ஆக்சைடிலும் பூட்டிக் கிடக்கிறது; தெளிப்பதோ கரைந்த நிலையில் நேராக இலைக்குப் போகிறது. அந்தப் பூட்டை அமிலம் தளர்த்தும். அமோனியம் உரங்களைத் தொடர்ந்து போட்டால் மண்ணில் மெல்ல அமிலத்தன்மை ஏறும். பாஸ்பேட் உரத்தோடு வந்து வருடக்கணக்காகப் படிந்து கிடந்தது, இன்னொரு மூட்டையின் தயவில் கரைய ஆரம்பிக்கும்.