பல்லியைப் பறவையாக்கிய பட்டியல்

வியாசர்பாடியில் நான் பல் மருத்துவம் பார்க்கும் தெருவில், 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் பல உள்ளன. அப்படியொரு குடும்பத்துச் சிறுவன், பள்ளிக் கண்காட்சிக்குத் தான் வரைந்த அட்டையுடன் சென்ற மாதம் ஆயாவோடு வந்திருந்தான். அட்டையில் இருந்தது, ஹம்மிங் பறவையளவே உள்ள 'உலகின் மிகச் சிறிய டைனோசர்'. "எங்க பர்மாவுல கெடச்சது டாக்டர்" என்றார் ஆயா. கிடைத்த இடம் சரி. டைனோசர் என்பதுதான் சரியன்று.

மியான்மரின் காச்சின் மாநிலத்தில், ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுப் பழைமையுள்ள ஆம்பர் (கல்லாக இறுகிய மரப்பிசின்) துண்டு ஒன்றுக்குள், சுமார் 1.4 செ.மீ. நீள மண்டையோடு ஒன்று இருந்தது. நீண்ட மூக்கையும் பெரிய கண்குழியையும் உருண்ட உச்சியையும் கண்ட ஆய்வாளர்கள், 2020 மார்ச்சில் நேச்சர் இதழில் அதைப் பறவை போன்ற டைனோசர் என அறிவித்து, கண், பல், பறவை ஆகியவற்றுக்கான லத்தீன் சொற்களைக் கோத்து ஆக்குலுடென்டாவிஸ் என்று பெயரிட்டனர். ஜூலையிலேயே அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

என் தொழில் காரணமாக நான் முதலில் பார்த்தது பற்களைத்தான். நமக்கும் முதலைக்கும் பல்லின் வேர் தாடை எலும்பின் குழிக்குள் இறங்கியிருக்கும். டைனோசர்களின் பொதுவான அமைப்பும் அதுவே. பல்லி, ஓணான் வகைகளிலோ பற்கள் குழியின்றித் தாடையின் உட்பக்கத்திலோ விளிம்பிலோ ஒட்டியிருக்கும். இந்த உயிரியின் பற்கள் இரண்டாம் வகை. முதல் கட்டுரையே இதைக் குறிப்பிட்டு, வியப்பான விதிவிலக்கு என்று கடந்துசென்றது. டைனோசர்களுக்குக் கண்ணின் முன்னால் இருக்கும் துளையும் இதற்கு இல்லை. கண்ணைச் சுற்றிய எலும்புத் தகடுகளோ பல்லிகளுக்குரிய கரண்டி வடிவில் இருந்தன.

இத்தனை இருந்தும் பறவையென முடிவு வந்ததற்கு முக்கியக் காரணம், ஒப்பிட்ட பட்டியலில் பறவைகளும் அவற்றின் டைனோசர் உறவுகளும் மட்டும் இருந்ததுதான். பல்லியே சேர்க்கப்படாத பட்டியலிலிருந்து பல்லி என்ற விடை எப்படி வரும்? மேல் கடைவாய்ப்பல் வலிக்கிறதென்று வருபவருக்குச் சில சமயம் கோளாறு சைனஸில் இருக்கும். பல்லை மட்டுமே பார்ப்பவர் நல்ல பல்லைக் குடைந்துவிடுவார். பயிற்சிக் காலத்தில் நானும் அதன் விளிம்புவரை போயிருக்கிறேன்.

மண்டையோட்டுடன் உடலின் ஒரு பகுதியும் செதில்களும் எஞ்சியிருந்த இன்னொரு ஆம்பர் துண்டை வேறொரு குழு ஆராய்ந்து, 2021-இல் பல்லி என்பதை உறுதி செய்தது. முதல் மண்டையோடு பிசினுக்குள் பக்கவாட்டில் நசுங்கியதால் அதன் மூக்கு அலகுபோல மேலும் குறுகித் தோன்றியது என்றும் அவர்கள் காட்டினர். எக்ஸ்ரேயில் கோணம் சற்றுச் சாய்ந்தால் வேரின் நீளமே மாறித் தெரிவதை அன்றாடம் காண்பவர்களுக்கு இது வியப்பளிக்காது.

பெயரிடும் விதிகளின்படி பெயர் நிலைத்துவிட்டதால், பல்லிக்கு இன்றும் 'பறவை' என்ற பட்டம் தொடர்கிறது. ஆனால் பல்லியினங்களுக்குள் அதன் நெருங்கிய உறவு எது என்பது தீரவில்லை. ஆய்வு முறை மாறும்போது அதன் இடமும் மாறுகிறது. சிறுவன் அடுத்த முறை அட்டையைக் கொண்டுவந்தபோது, 'டைனோசர்' என்ற சொல்லின்மீது வெள்ளைத் தாள் ஒட்டிப் 'பல்லி' என எழுதியிருந்தான். 'குடும்பம்' என்பதற்கு எதிரே, நான் சொன்னபடி, ஒன்றும் எழுதவில்லை.