கண்மாய்க் கரையில் நின்ற மரம் கிராஃபில் இல்லை

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் கல்லூரிப் பிள்ளைகள் மரம் அளந்தார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று சுற்றளவு, உயரம், மரத்தின் பெயர் எல்லாவற்றையும் எழுதி எக்ஸெல்லில் ஏற்றி, “சார், ஆர்ல போட்டு ஒரு கிராஃப் மட்டும் எடுத்துக் குடுங்க” என்று அனுப்பினார்கள். புள்ளியியல்தான் எனக்குப் பிழைப்பு; ஆர் என்பது அதற்கான கணினி மொழி. பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

உயரப் பத்தியில் 45, 50 என்று சில எண்கள் இருந்தன. நம்மூர்க் கண்மாய்க் கரையில் 50 மீட்டர் மரம் ஏது? யாரோ அடிக்கணக்கை மீட்டரில் எழுதிவிட்டார்கள். ‘உயரம் 40க்குக் குறைவு’ என்று, வரிகளைச் சலித்தெடுக்கும் ஃபில்டர் கட்டளையில் (ஆரின் டிபிளையர் தொகுப்பில் இருப்பது) ஒரே வரி தட்டினேன். கிராஃப் அழகாக வந்தது, அனுப்பிவிட்டேன். மறுநாள் ஒரு மாணவி போன் செய்தாள். “சார், அய்யனார் கோயில் ஆலமரத்தக் காணோமே? கயிறு சுத்தி அளந்தோமே சார்!”

ஆலமரம் கோப்பில் இருந்தது. அதன் உயரக் கட்டம் மட்டும் காலி. கிளை மறைத்து உச்சி தெரியவில்லையாம், விட்டுவிட்டார்கள். காலிக் கட்டத்தை ஆர் ‘என்ஏ’, அதாவது ‘மதிப்பு தெரியாது’ என்று வைத்துக்கொள்ளும். என்ஏ என்பது 40க்குக் குறைவா என்று கேட்டால், ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது; அதற்கும் பதில் என்ஏதான். ஃபில்டரோ ‘ஆம்’ என்று வந்த வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். ஒரு எச்சரிக்கை கிடையாது. சதுர அடைப்புக்குறி போட்டு எடுக்கும் பழைய வழியில் அந்த வரிகள் முழுக்க என்ஏவாக வந்து பல்லிளிக்கும். பார்க்கச் சகிக்காது, ஆனால் கண்ணில் பட்டுவிடும்.

ஒரு மரத்தோடு போயிருந்தால் சரி. உயரம் காலியாக இருந்த வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். புளி, மருது, ஆல் என்று எல்லாம் பெருத்த மரங்கள். சின்ன வேம்புக்கும் புங்கனுக்கும் உச்சி தெரியும், எழுதிவிடலாம். படர்ந்த மரத்துக்குத்தான் தெரியாது. ஆக, நான் உயரத்தை வைத்துக் கழித்ததில் சுற்றளவின் சராசரியே இறங்கிப்போனது. சுற்றளவு கிராஃபுக்கு உயரமே தேவையில்லை என்பது வேறு கதை.

அதற்கப்புறம் எதையும் கழிக்காமல் முழுக் கோப்பின் சுற்றளவையும் ஹிஸ்டோகிராமாக, அதாவது எந்த அளவில் எத்தனை மரம் என்று காட்டும் பட்டைப் படமாக, வரைந்தேன். முதலில் செய்திருக்க வேண்டியது. ஆரில் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட் அதைத் தானாக 30 பட்டைகளாகப் பிரிக்கும். அதை மாற்றி ஒரு பட்டைக்கு 5 செ.மீ. என்று நானே கொடுத்தேன். 150இல் ஒரு பட்டை மட்டும் கோபுரம் மாதிரி எழும்பி நின்றது. மரங்கள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல 150இல் பருக்குமா? கேட்டால், “தையல் டேப் சார், அதோட முடிஞ்சிருச்சு” என்றான் ஒருவன். அந்த டேப்பின் மறுபக்கம் அங்குலம். அந்தப் பக்கத்தைப் படித்து எழுதியவர்களும் உண்டு. 12 மீட்டர் உயரப் புளிக்குச் சுற்றளவு 52 என்றால் அது 132 செ.மீ. என்றே பொருள். 52 பார்க்க ஒழுங்கான எண். எந்த ஃபில்டரும் பிடிக்காது. உயரத்தையும் சுற்றளவையும் எதிரெதிரே வைத்துப் புள்ளி போட்டபோதுதான் அந்த வரிகள் கூட்டத்தை விட்டு ஒதுங்கி நின்றன.

இதில் பிள்ளைகளைத் திட்ட மனம் வரவில்லை. ஆர் மொழியுடனேயே வரும் ‘ட்ரீஸ்’ என்ற பயிற்சித் தரவில் 31 கருஞ்செர்ரி மரங்கள் உண்டு. அதில் சுற்றளவு என்று தலைப்பிட்ட பத்தியில் இருப்பது உண்மையில் அங்குலத்தில் அளந்த விட்டம். தவறாகப் பெயரிடப்பட்டது என்று அதன் உதவிப் பக்கமே ஒப்புக்கொள்கிறது. சுற்றளவை விட்டமென்று எடுத்துக்கொண்டால் அடிமரத்தின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட 10 மடங்காகிவிடும். அந்த மரங்களை அளந்தது தரையிலிருந்து 4 அடி 6 அங்குலத்தில். நம் நாட்டு வனக் கணக்கிலும் அதே 1.37 மீட்டர்தான். பல நாடுகளில் 1.3. எந்த உயரத்தில் டேப் சுற்றினோம் என்று கோப்பில் ஒரு பத்தி இருந்தால் நல்லது.

தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. மர வகைப் பட்டியலில் கொன்றை இரண்டு முறை வந்தது, எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. ‘கொ’வின் கொம்பையும் காலையும் கணினியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். நம் கண்ணுக்கு ஒன்று, ஆருக்கு வேறு வேறு. கொன்றையை மட்டும் ஃபில்டர் செய்தால் பாதி மரம் போய்விடும். ஆரில் எழுத்துகளைக் கையாளும் ஸ்ட்ரிங்ஐ தொகுப்பில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வசதி இருக்கிறது. ‘வேம்பு’க்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தையும் அப்போதே வெட்டிவிடலாம்.

இப்போதெல்லாம் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுகிறேன். கழிந்தவற்றைத் தனிக் கோப்பாக, ஏன் கழித்தேன் என்ற பத்தியோடு, அளந்தவர்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். அந்தப் பிள்ளைகள் 30 மீட்டர் டேப் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு மறுபடி கரைக்குப் போனார்கள். 150 எல்லாம் மாறிவிட்டன. ஆலமரத்தின் உயரம் இன்னும் என்ஏதான். அது கிராஃபில் இருக்கிறது.