டிக்கியில் இடம் இருக்கிறது, வண்டி தாங்குமா?

கொல்லிமலையிலிருந்து இறங்கிய அந்தக் கார் சேலத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது இரவு ஏழு மணி இருக்கும். முன் சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் தெரிந்தது. வெள்ளியாக மின்ன வேண்டிய இரும்பு மயில் கழுத்து நீலத்தில் இருந்தது. பிரேக் பேட் கண்ணாடி போல் வழவழத்துக் கிடந்தது. அதன் ஓரங்களில் கை வைத்தால் கரித்தூள் ஒட்டியது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். "மிதித்தேன் அண்ணா, பெடல் தரையோடு போய்விட்டது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைக்கு மொட்டை போட அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறார்கள். காரவள்ளி அடிவாரத்துக்கு இன்னும் இருபது வளைவுகள் இருக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வாய்க்காலில் சக்கரத்தை இறக்கி நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் பிழைத்தார்கள். அந்தப் பக்கம் திருப்பாமல் எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அது 7 இருக்கை வண்டி. உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர், அதில் இரண்டு குழந்தைகள் மடியில். கூரைமேல் கேரியர், அதில் அண்டா, குண்டான், அரிசி மூட்டை, பாய். "இடம் இருந்தது, ஏற்றினோம்" என்றார் அவர்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பதிலைக் கேட்டுவருகிறேன். குடும்ப வண்டி வாங்க வருபவர்கள் இடத்தைத்தான் பார்க்கிறார்கள். மூன்றாவது வரிசை மடங்குகிறதா, டிக்கி எத்தனை லிட்டர், கால் நீட்ட முடிகிறதா. விற்பவர்களும் அதையே காட்டுகிறார்கள். வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு வண்டி வாங்கியவரை நான் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். லாரிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான். காருக்கும் அந்தக் கணக்கு உண்டு என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

கணக்கு எளிது. உங்கள் வண்டியின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. இன்னொன்று ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அது தாங்கக்கூடிய மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் சுமை. 7 இருக்கை பெட்ரோல் கார் ஒன்றுக்கு வெறும் எடை 1,180 கிலோ, மொத்த எடை 1,785 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 605 கிலோ. ஓட்டுநர் உள்பட ஏழு பெரியவர்கள், ஆளுக்கு 65 கிலோ என்றால் 455 போய்விட்டது. மீதி 150. வெளியில் கொடுத்து சி.என்.ஜி. பொருத்தியிருந்தால் உருளையும் அதன் சாமான்களும் அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். பிறகு கனமான இருக்கை உறை, பாட்டுப் பெட்டி, முன்னால் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைக் காரில் பொருத்தக் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கேட்டு வருகிறார்கள், நான் பொருத்துவதில்லை. இத்தனைக்கும் பிறகு பெட்டிகளுக்கு எத்தனை கிலோ மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள்.

அந்தக் குடும்பம் ஐந்து மாதம் கழித்து ஆடியில் மறுபடியும் கொல்லிமலை புறப்பட்டது. புறப்படும் நாள் காலையில், ஆட்களும் சாமான்களும் ஏறியபடியே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி ஏற்றி வரும் லாரிகளை நிறுக்கும் எடை மேடை இருக்கிறது. அதில் காரை ஏற்றினோம். எடை போடும் பையனுக்கு ஆச்சரியம், காரை யாரும் அங்கே கொண்டுவந்ததில்லை. சீட்டில் 1,910 என்று அச்சாகி வந்தது. அந்த வண்டிக்கு அனுமதி மேலே சொன்ன 1,785 கிலோதான்; அதைவிட 125 கிலோ அதிகம். போன முறையும் ஏறத்தாழ இவ்வளவுதான் இருந்திருக்கும். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்த அவருடைய அம்மாதான் முதலில் பேசினார்: "அண்டாவை இறக்குங்கள், மேலே வாடகைக்குக் கிடைக்கும்." இரண்டு பேர் பஸ்ஸில் வருவதாகச் சொல்லி இறங்கிக்கொண்டார்கள். எடை மேடையில் ஆகும் செலவு ஒரு வேளை டிபன் செலவுகூட இல்லை. நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஒருமுறை செய்து பாருங்கள். பிறகு உங்கள் வண்டியைப் பற்றி ஆயுளுக்கும் ஒரு தெளிவு இருக்கும்.

எடை கூடினால் பிரேக்குக்கு என்ன ஆகிறது? கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். 1,910 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் சூடாக மாறினால், 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியை, கியரைக் குறைத்தால் வண்டியைப் பிடித்துவைக்கும் இன்ஜின் தாங்க வேண்டும், அல்லது பிரேக் தாங்க வேண்டும். நான்காவது கியரில் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி சாப்பாட்டுத் தட்டளவுள்ள அந்த இரண்டு முன் டிஸ்க்குகளில்தான் போய் இறங்கும்.

அங்கிருந்து சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் தரைக்குப் போகிறது. அந்த வண்டியில் ஐந்து ஆண்டுகளாகப் பிரேக் ஆயில் மாற்றப்படவில்லை. தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இன்ஜின் ஆயிலை நாள் தவறாமல் மாற்றுபவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். மலைச்சாலை லாரி ஓட்டுநர்களின் இந்தப் பேச்சை நான் பட்டறையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டேன். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் கியரைக் கையால் குறைத்துப் பிடித்துவைக்க வழி இருக்கிறது; உங்கள் வண்டியில் அது எங்கே என்று சமவெளியிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்துவிட்டு இறங்கினால் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜினைச் சுழல வைத்திருக்க எரிபொருள் செலவாகிறது. ஆக, மிச்சமும் இல்லை, பிடிமானமும் இல்லை.

டயருக்கு வருவோம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் குறைந்த சுமைக்கு ஒரு காற்றழுத்தம், முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். பின் சக்கரத்துக்கான எண் முழுச் சுமையில் நன்றாகவே கூடியிருக்கும். பங்கில் காற்றுப் பிடிப்பவர் "32 வைக்கட்டுமா" என்பார், நாமும் தலையாட்டிவிடுவோம். டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பது போல எழுதியிருக்கும். அந்த 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறியீடு. காற்று குறைவாக இருந்தால் அந்த 560 வெறும் எழுத்துதான். பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிரும், சூடாகும், நான்குவழிச் சாலையில் மதிய வெயிலில் வெடிக்கும். காற்றை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. கையேட்டில் பாருங்கள், நான் பார்த்த குடும்ப வண்டிகள் பலவற்றில் அது 50 முதல் 75 கிலோ, கேரியரின் எடையும் அதில் அடக்கம். மேலே ஏறும் எடை வளைவில் வண்டியைச் சாய்க்கும். கனமானதைக் கீழே, இருக்கையின் முதுகை ஒட்டி வையுங்கள். மூன்றாவது வரிசையை மடித்து அங்கே தண்ணீர் கேனை நிறுத்துகிறவர்கள் அதைக் கட்டிவையுங்கள். 20 கிலோ கேன் சடன் பிரேக்கில் நேராக முன்வரிசைத் தலைக்குத்தான் வரும். பின்பக்கம் அமுங்கும்போது முன்விளக்கு மேல்நோக்கி எதிரில் வருபவர் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டீயரிங்குக்கு வலப்புறம் பல கார்களில் 0, 1, 2, 3 என்று எண்கள் போட்ட சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பினால் விளக்கு தாழும். பத்து ஆண்டுகள் வண்டி வைத்திருந்து, அது எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

இனி இழுப்பது. வெளிநாடுகளில் குடும்ப வண்டியின் பின்னால் கேரவனையோ படகையோ கட்டி இழுப்பார்கள்; எத்தனை கிலோ இழுக்கலாம் என்று வண்டிக்கு வண்டி எண் இருக்கும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது வேறு: நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுப்பது. (சமையல் தொழில் செய்யும் ஒருவர் தன் காரில் டிரெய்லர் கொக்கி வைத்துத் தரச் சொன்னார். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், உங்கள் காரின் கையேட்டில் இழுவை எடையே போடவில்லை என்று சொல்லி, சின்ன லோடு வண்டி வாங்கச் சொன்னேன். வாங்கிவிட்டார்.)

போன ஆண்டு கோவை சாலையில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் நின்றுவிட்டது. உறவினர் தன் ஜீப்பில் நைலான் கயிறு கட்டி, நல்ல வேகத்தில், பதினெட்டு கிலோமீட்டர் இழுத்து வந்தார். நின்றுபோனதற்குக் காரணம் பேட்டரிக் கம்பி கழன்றதுதான். பத்து நிமிட வேலை. ஆனால் கியர்பாக்ஸ் வெந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் ஓடும். இன்ஜின் நின்றிருக்கும்போது சக்கரங்கள் சுழன்றால் உள்ளே உலோகத்தோடு உலோகம் உராயும். உதவ வந்தவர் என் முன்னால் கண் கலங்கி நின்றதை இன்றும் நினைக்கிறேன். ஆட்டோமேட்டிக், ஹைபிரிட், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, மின்சாரக் கார் எதுவானாலும் பிளாட்பெட் ரெக்கவரி வண்டியில் முழுதாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மின்சாரக் காரில் சக்கரம் சுழன்றால் மோட்டாரே மின்சாரம் உண்டாக்கத் தொடங்கிவிடும். காப்பீட்டில் சாலை உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-ஐ அழைக்கலாம்.

மேனுவல் கியர் வண்டியை வேறு வழியில்லாமல் இழுக்கும்போதும் நிதானம் வேண்டும். 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகள் இரண்டு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றன. அந்த வேகத்துக்குக் காரணம் இருக்கிறது. பின்னால் வரும் வண்டியில் இன்ஜின் ஓடவில்லை என்றால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஆகவே அந்த வண்டியில் உட்காருபவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பையனை உட்காரவைக்காதீர்கள். மலை இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்கவே இழுக்காதீர்கள். கயிற்றின் நடுவே ஒரு கனமான சாக்கையோ போர்வையையோ போடுங்கள். அறுந்தால் கயிறு சாட்டை போல் வீசாமல் கீழே விழும். வேடிக்கை பார்ப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கயிற்றை எங்கே கட்டுவது? பம்பரிலும் அடியிலுள்ள கம்பிகளிலும் கட்டி, பம்பரோடு பிய்த்துக்கொண்டு வந்த வண்டிகள் என் பட்டறைக்கு வருகின்றன. உங்கள் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஜாக்கி இருக்கும் பையைத் திறந்து பாருங்கள். வளையம் வைத்த தடித்த இரும்புத் தண்டு ஒன்று இருக்கும்; நுனியில் மரை போட்டிருக்கும். முன் பம்பரில் உள்ளங்கையைவிடச் சின்னதாக ஒரு மூடி. அதை ஸ்பேனர் முனையால் நெம்பினால் வரும், உள்ளே துளை. தண்டை அதில் திருகி, ஸ்பேனரை வளையத்துக்குள் விட்டு இறுக்க வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் மரை எதிர்ப்பக்கம் இருக்கும், இடப்பக்கமாகத் திருகினால்தான் ஏறும். தெரியாமல் வலப்பக்கம் திருகி, மரை சரியில்லை என்று நடுச்சாலையில் தூக்கிப் போட்டவர் ஒருவரைத் தெரியும். பழைய கார் வாங்கியவர்கள் அந்தத் தண்டு பையில் இருக்கிறதா என்றே முதலில் பாருங்கள். பாதி வண்டிகளில் காணாமல் போயிருக்கும். இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நிறுத்தி, வெளிச்சத்தில், ஒருமுறை திருகிக் கழற்றிப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.