பாஸ்கா என்ற சொல்லும் எங்கள் ஊர்க் கடப்பும்

உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்றாவது கிழமை, மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “பாஸ்கா முடிஞ்சிட்டுதானே டீச்சர், பிறகு ஏன் அந்தப் பெரிய மெழுகுதிரி இன்னும் பீடத்துக்குப் பக்கத்துல நிக்குது?”

பிள்ளையில் பிழை இல்லை. நாங்களே அப்படித்தான் பேசுகிறோம். நாற்பது நாள் தவக்காலத்தை எண்ணி எண்ணிக் கடக்கிறோம். இரவுத் திருவிழிப்பு, காலைப் பூசை, வீட்டில் நல்ல சாப்பாடு, அதோடு சரி. பாஸ்கா என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருமுறை ஆறுதலாகப் பார்த்தால் அந்தத் திரி ஏன் நிற்கிறது என்பது விளங்கும்.

சொல்லின் வேர் எபிரேயத்தில் இருக்கிறது. ‘பெசாக்’ என்றால் கடந்து போதல். விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தில், ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வாசல்களை ஆண்டவர் கடந்து போகிறார். அதன் பிறகு மக்கள் செங்கடலைக் கடக்கிறார்கள். எபிரேயச் சொல் அரமேயத்துக்கும், அங்கிருந்து கிரேக்கத்துக்கும் இலத்தீனுக்கும் போய் ‘பாஸ்கா’ ஆனது. போர்த்துக்கேய மொழியில் அதுவே ‘பாஸ்கோவா’. 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தே வருடத்தில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த விசுவாசச் சொற்கள் போகவில்லை. பழைய ஆட்கள் சொல்லும் ‘பாஸ்கு’ அந்த வழி வந்தது. சிங்களத்திலும் இன்றுவரை ‘பாஸ்கு இரிதா’ என்பதுதான் உயிர்த்த ஞாயிறு.

இந்தப் பாஸ்கு என்ற சொல்லுக்கு எங்களிடையே இன்னொரு பொருளும் ஏறிவிட்டது. ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் கூத்துக்கும் அதுதான் பெயர். மன்னாரில் உருவங்களை வைத்துக் காட்டுவதை ‘உடக்குப் பாஸ்’ என்பார்கள். அதனால் பாஸ்கு என்றதும் பலருக்குச் சிலுவையும் அழுகையும்தான் கண்முன் வருகின்றன. இந்த மயக்கம் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கிறிஸ்தவர்களும், பாடுபடுதல் என்று பொருள்படும் ‘பாஸ்கெய்ன்’ என்ற தங்கள் சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒலி ஒத்துப்போனது, அவ்வளவுதான். இது கிரேக்கச் சொல்லல்ல, எபிரேயச் சொல், பொருள் ‘கடத்தல்’ என்று பிற்காலத்தில் புனித அகுஸ்தீன் எடுத்துச் சொன்னார்.

‘கடத்தல்’ என்று எழுதும்போதே எனக்குக் கை தயங்குகிறது. ஆட்களைக் கடத்திப் போன வெள்ளை வானுக்குப் பயந்து வாழ்ந்த ஊர் இது. அந்தச் சொல்லைக் கேட்டால் இங்குள்ள தாய்மாருக்கு வேறு நினைவு வரும். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது ‘கடப்பு’ என்ற சொல்லை. கடத்தற் செயலுக்கும் கடப்பு என்று பெயர். மட்டக்களப்பில் வளவின் வேலி வாசலுக்கும் கடப்பு என்றுதான் பெயர். “கடப்படியில ஆரோ நிக்காங்க, பாரு” என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். வாசல் நிலையில் பூசிய இரத்தம், அந்த வாசலைக் கடந்து போன ஆண்டவர், அதே வாசலால் வெளியேறிய மக்கள் என்று விடுதலைப் பயணம் சொல்லும் இரவு முழுவதும் எங்கள் ஊர்ச் சொல் ஒன்றுக்குள் அடங்கிவிடுகிறது. வேறு எந்த மொழிபெயர்ப்பும் எனக்கு இவ்வளவு கிட்ட வந்ததில்லை.

‘ஈஸ்டர்’ ஆங்கிலத்தின் வழி வந்த பெயர். ஏயோஸ்ட்ரே என்ற தேவதையின் பெயர் கொண்ட மாதத்திலிருந்து அது வந்ததாக 725இல் ஆங்கிலேயத் துறவி புனித பீட் எழுதி வைத்தார். அதற்குள் ஆட்டுக்குட்டியும் இல்லை, கல்லறையும் இல்லை.

தமிழில் நாங்கள் ஆக்கிக்கொண்ட சொல் உயிர்ப்பு. அதற்கு முன்பு உத்தானம் என்றார்கள். எழும்புதல் என்று பொருள்படும் வடசொல் அது. எங்கள் பெத்தா (பாட்டி) கடைசிவரை “சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்” என்றுதான் செபித்தார். இப்போது “உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்” என்கிறோம். உயிர்த்தல் என்றால் பழந்தமிழில் மூச்சு விடுதல். நெட்டுயிர்ப்பு என்றால் பெருமூச்சு. யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பூட்டிய கதவுக்குள் பயந்து இருந்த சீடர்கள் நடுவே வந்து நின்ற ஆண்டவர் அவர்கள்மேல் ஊதி, தூய ஆவியைப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறார். உயிர்த்தவர் உயிர்க்கிறார்! இந்த நயம் தமிழ் வாசகருக்குத்தான் கிடைக்கும்.

அப்படியானால் பாஸ்காவை விட்டுவிட்டு உயிர்ப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்பேன். விழாவின் பெயராக உயிர்ப்புப் பெருவிழா, உயிர்த்த ஞாயிறு இரண்டுமே நல்ல தமிழ். ஆனால் பாஸ்கா என்ற சொல் சாவையும் உயிர்ப்பையும் பிரிக்காமல் பிடித்திருக்கிறது. கல்வாரியைக் கடக்காமல் வந்த உயிர்ப்பு அல்ல அது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகளும் பலியானார்கள். அதிலிருந்து பத்திரிகையில் ‘உயிர்த்த ஞாயிறு’ என்று கண்டால் அடுத்த சொல் ‘தாக்குதல்’ என்றே வருகிறது. அந்தச் சொல்லை அந்த இடத்தில் விட்டுவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு வருடமும் அதை வாய்விட்டு, அல்லேலூயாவோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்குத் திருச்சபை ஐம்பது நாள் தந்திருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தூய ஆவிப் பெருவிழா வரை எல்லாம் சேர்ந்து ஒரே திருநாள், ஒரு ‘மாபெரும் ஞாயிறு’. முதல் எட்டு நாளும், அதாவது எண்கிழமை, ஒவ்வொன்றும் பெருவிழாதான். இந்த நாட்களில் முழந்தாளிடாமல் நின்று செபிக்க வேண்டும் என்று 325இல் நீசேயாச் சங்கம் விதித்தது. உயிர்த்தவரோடு எழுந்து நிற்பவர்கள் நாங்கள் என்பது அதன் பொருள். மூவேளைச் செபம் மாறி ‘விண்ணக அரசியே’ வருகிறது. பூசையில் நாளாந்தம் திருத்தூதர் பணிகள் வாசிக்கப்படுகிறது. வருடத்தில் ஒருமுறையாவது, அதுவும் பாஸ்குக் காலத்தில், நன்மை (நற்கருணை) வாங்க வேண்டும் என்று 1215ஆம் ஆண்டின் சங்கம் சொன்னது. பழைய ஞானோபதேசம் அதைப் ‘பாஸ்குக் காலம்’ என்றே சொல்லிக் கொடுத்தது. நாள் என்று சொல்லவில்லை, பாருங்கள்.

வைகாசியில் எங்கள் அயலில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும். திருக்கதவு திறந்தால், நிறைவுச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை ஊரே அதற்குள்தான் இருக்கும். வீட்டு வேலை, சாப்பாடு எல்லாம் அதற்கேற்பவே நடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், எங்களுக்கும் ஒரு கதவு திறந்திருக்கிறதே, நாங்கள் ஏன் திங்கட்கிழமையே அடைத்துவிடுகிறோம் என்று நினைப்பேன். பெரிதாக எதுவும் வேண்டாம். தவக்காலத்தில் மச்சம் தவிர்த்து மிச்சம் பிடித்த காசை இந்த ஐம்பது நாளில் ஒரு வீட்டுக்குக் கொடுக்கலாம். பேசாமல் விட்ட சொந்தக்காரரின் கடப்படிக்குப் போகலாம். குடும்ப செபத்தில் ஒரு அல்லேலூயா கூடச் சொல்லலாம்.

அந்தப் பிள்ளைக்கு நான் திரியையே கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். சிலுவை, அகரமும் னகரமும், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள், சிலுவையைச் சுற்றி அந்த வருடத்தின் நான்கு இலக்கங்கள். தூய ஆவிப் பெருவிழாவோடு அதைத் திருமுழுக்குத் தொட்டியருகே கொண்டுபோய் வைப்பார்கள். பிறகு ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது எரியும், இறந்தவரின் பெட்டிக்குப் பக்கத்தில் எரியும். எங்கள் பெத்தாவின் பெட்டிக்குப் பக்கத்திலும் எரிந்தது. உத்தானத்தை விசுவசிக்கிறேன் என்று அறுபது எழுபது வருடம் சொன்ன வாய் மூடியிருந்தது. திரியில் அந்த வருடத்து இலக்கம் இன்னும் பாதி உருகாமல் இருந்தது.