சொல் விளக்கம்: மூழ்கிய செலவு மயக்கம்

சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தேநீர்க்கடை ஒன்றில் 2025 ஐபிஎல் பருவத்தின்போது ஒருவர் கையிலிருந்த கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "பத்தே முக்கால் கோடி குடுத்து எடுத்துட்டு, ஆளை பெஞ்சுல உட்கார வெச்சா அந்தக் காசு என்னாகறது?" அவர் சொன்னது இம்மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனை. டெல்லி அணி அவரை 10.75 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்து, மிகச் சில ஆட்டங்களிலேயே களமிறக்கியது. எங்கள் ஊர்க்காரர் என்பதால் வருத்தம் எனக்கும் உண்டு. ஆனாலும், இனித் திரும்பி வராத செலவை எண்ணி அடுத்த முடிவை எடுக்கும், ஆங்கிலத்தில் 'சங்க் காஸ்ட் ஃபேலசி' எனப்படும் சிந்தனைப் பிழையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அவரை ஆட வைத்தாலும் வைக்காவிட்டாலும் பருவத்தின் நடுவில் அந்தத் தொகை திரும்பி வராது என்பதால், இன்றைய ஆட்டத்துக்கு எந்தப் பந்துவீச்சாளர் ஏற்றவர் என்ற கேள்விக்குள் அந்தத் தொகைக்கு இடமே இல்லை.

'சங்க்' என்பதன் வினையடிக்கு ஆங்கிலத்தில் நீரில் அமிழ்தல் என்பதோடு, கிணறோ சுரங்கமோ கீழ்நோக்கித் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. சுரங்கத்திலும் இருப்புப்பாதையிலும் இறக்கிய முதலைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் அத்தகைய பணத்துக்கு இச்சொல் பொருந்தியது. இதை மனித மனத்தின் பழக்கமாக ஆராய்ந்தவர்களுள் ரிச்சர்ட் தாலர் (1980), ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் (1985) ஆகியோர் முதன்மையானவர்கள். ஒஹையோவில் நாடகப் பருவச்சீட்டை முழு விலைக்கு வாங்கியவர்கள், அதே சீட்டைத் தள்ளுபடியில் பெற்றவர்களைவிடப் பருவத்தின் முற்பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள் என்று பின்னிருவரும் காட்டினர். இவ்வளவு செலவழித்துவிட்டோமே என்று கைவிடாமல் தொடரப்பட்ட கான்கார்ட் விமானத்தின் பெயரால் இதை அழைப்பதும் உண்டு.

விளையாட்டில் இதை எண்களால் அளந்தவர்கள் பேரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும். அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்பிஏவில், அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் ஒரு வீரர் எவ்வளவு முன்னதாக எடுக்கப்படுகிறாரோ, அவருக்காக அணி செலுத்தும் விலை அவ்வளவு பெரிது. 1980 முதல் 1986 வரை தேர்வானவர்களை ஆராய்ந்த அவர்களின் 1995-ஆம் ஆண்டுக் கட்டுரை, புள்ளி எடுத்தல், பந்தைக் கைப்பற்றுதல் முதலான திறன்களைக் கணக்கில் கொண்ட பிறகும், முன்னதாக எடுக்கப்பட்டவர்களுக்கே அதிக நிமிடங்கள் கிடைத்தன என்றும், அவர்களே நீண்ட காலம் தக்கவைக்கப்பட்டனர் என்றும் கூறியது. 1999-இல் காலின் கேமரரும் ராபர்ட்டோ வெபரும், வேறு விளக்கங்கள் இருக்கக்கூடுமா என்று அதை மறுபடி சோதித்தபோது விளைவு மறையவில்லை, ஆனால் சிறுத்தது. முன்னதாக எடுக்கப்பட்டவர் பின்னாளில் மெருகேறுவார் என்று பயிற்சியாளர் நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்கலாம் அல்லவா? அந்த நம்பிக்கை வருங்காலத்தைப் பற்றியது. அதை மயக்கம் என்று சொல்லக் கூடாது.

இனி தமிழ்ச்சொல். 'அமிழ்ந்த செலவு', 'மூழ்கிய செலவு' என்ற இரண்டும் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவைபோலத் தோன்றும். இலங்கை வழக்கில் 'கிரயம்' செலவைக் குறிப்பதால் 'அமிழ்ந்த கிரயம்' அங்கே பொருந்தும். சேலத்தில் கிரயம் என்றால் பத்திரப்பதிவு அலுவலகம்தான் நினைவுக்கு வரும். நான் 'மூழ்கிய' என்பதையே தேர்கிறேன். காரணம் அகராதியில் இல்லை, அடகுக்கடையில் இருக்கிறது. வைத்த நகையைத் தவணைக்குள் மீட்காவிட்டால் "நகை முழுகிப் போச்சு" என்பதே எங்கள் ஊர்ப் பேச்சு. ரசீதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்திருப்பார்கள். மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும். நகையின் மதிப்பையே வட்டி தாண்டிய பிறகும், "இத்தனை வருஷம் கட்டின வட்டி வீணாயிடுமே" என்று மறுபடியும் கட்டுவார்கள். மீளாப் பொருளைக் குறிக்கும் வினையும், அதை விட மறுக்கும் மனமும் ஒரே கடைவாசலில் கிடைக்கும்போது ஆங்கிலத்திடம் உவமை கடன் வாங்கத் தேவையில்லை.

'செலவு' என்பதும் கூர்மையான சொல்லே. 'வா' என்பதிலிருந்து வரவு பிறந்ததுபோல, 'செல்' என்பதிலிருந்து செலவு பிறந்தது. பழைய அகப்பாட்டுகளில் அதற்குப் பயணம் என்று பொருள். தலைவன் புறப்பாட்டைத் தவிர்ப்பதைச் 'செலவழுங்குதல்' என்பர். போனது போனதுதான் என்பது சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

'ஃபேலசி' என்பதற்குப் 'போலி' என்பது பழைய தருக்கச் சொல். மணிமேகலையிலேயே 'ஏதுப்போலி' உண்டு. எனினும் 'செலவுப் போலி' என்றால் யாரோ கள்ள பில் எழுதியதுபோல ஒலிக்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருவதை இலக்கணத்தார் மயக்கம் என்பார்கள்: திணை மயக்கம், வேற்றுமை மயக்கம். நடந்து முடிந்த செலவை வரப்போகும் பயனாகக் கொள்ளும் இதற்கு 'மூழ்கிய செலவு மயக்கம்' பொருந்துகிறது.

அடகு உவமை இன்னொரு நுட்பத்தையும் விளக்கும். தவணை தாண்டும் வரை நகை மூழ்குவதில்லை. ஐபிஎல்லிலும் ஏலத்துக்கு முன் ஒரு வீரரை விடுவித்தால் அவருக்குரிய தொகை அணியின் ஏலக் கையிருப்புக்குத் திரும்புகிறது. 2015-இல் டெல்லி 16 கோடிக்கு எடுத்த யுவராஜ் சிங்கை அடுத்த ஏலத்துக்கு முன் விடுவித்தபோது அந்தத் தொகை மறுபடி அதன் ஏலக் கையிருப்பில் சேர்ந்தது. ஹைதராபாத் அவரை 7 கோடிக்கு எடுத்தது. ஆகவே பருவம் நடக்கும்போது மூழ்கிய செலவாக இருப்பது, பருவம் முடிந்ததும் மீட்கக்கூடியதாகிறது. அப்போது தொகையைப் பற்றிக் கவலைப்படுவது மயக்கமாகாது. நடராஜனையே 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்து, பின்னர் தக்கவைக்கவில்லை. 2018-இல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2020-இல் அவர் யார்க்கர்களை வீசிக் காட்டி இந்திய அணிக்குள் நுழைந்தபோது, எந்த விலைச்சீட்டும் அவர் கூட வரவில்லை.

பேச்சில் இவ்வளவு நீண்ட தொடர் வேண்டியதில்லை. அந்தத் தேநீர்க்கடைக்காரர், பாலை ஆற்றியபடியே, "அது முழுகிப்போன காசுங்க" என்றார்; கேட்டவருக்குப் புரிந்தது.