எட்டு மணிக்கு இடறும் தாளம்

ஃபிளமெங்கோ ஆட்டம் பார்க்கும்போது கூடவே கைதட்ட முயன்றதாகவும், ஒவ்வொரு சுற்றிலும் எங்கோ பிசகிவிடுவதாகவும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். தனக்குத் தாளஞானமே இல்லையோ என்று அவருக்குக் கவலை. கவலை வேண்டாம், காதை இடறவைக்கும் தாளம்தான் அது.

ஃபிளமெங்கோ தெற்கு ஸ்பெயினில், ஆந்தலூசியாவில் வளர்ந்த கலை. பாட்டு, கிதார், ஆட்டம், கைதட்டு எல்லாம் சேர்ந்தது. 2010-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. வரலாறு இவ்வளவு போதும், தாளத்துக்கு வருவோம். அதை அங்கே 'கொம்பாஸ்' என்கிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு மணிக்கு ஓர் எண்ணிக்கை, சுற்றுக்கு 12. இதில் 12, 3, 6, 8, 10 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் அழுத்தித் தட்டுங்கள். வலப்பாதியிலும் ஆறு எண்ணிக்கை, இடப்பாதியிலும் ஆறு. ஆனால் வலப்பாதி இரண்டு மூன்றுகளாகப் பிரிகிறது, இடப்பாதி மூன்று இரண்டுகளாக. சூட்சுமம் இவ்வளவுதான்.

12, 3, 6 என்று கேட்ட காது அடுத்த தட்டை 9-ல் எதிர்பார்க்கும். அது 8-லேயே வந்து விழுகிறது. சரி, இனி இரண்டிரண்டு என்று காது சமாதானமாகி 10, 12 என்று தொடர்ந்தால், 2-ல் வரவேண்டியது வராமல் 3-ல் வருகிறது. சுற்றுக்கு ஒருமுறை முந்தி, ஒருமுறை பிந்தி. நான் கரண்டியால் சாப்பாட்டு மேசையில் தட்டிப் பழகினேன். 8 பிடிபட இரண்டு நாள் ஆயிற்று, வீட்டில் திட்டும் கிடைத்தது.

இதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. இதே சக்கரத்தில் தொடங்கும் இடத்தை மாற்றினால் பாட்டின் வகையே மாறிவிடும். 12-ல் தொடங்கினால் குவாஹிரா. 1-ல் தொடங்கினால் சொலெயா, அதில் முதல் அழுத்தத்துக்கு 3 வரை காத்திருக்க வேண்டும். 8-ல் தொடங்கினால் செகிரியா. அதைப் பாடுவோர் பலர் பன்னிரண்டு எண்ணுவதே இல்லை. நீளம் ஒவ்வாத ஐந்து தட்டுகளாகவே எண்ணுகிறார்கள். சக்கரம் ஒன்றே, ஆனால் குவாஹிராவின் குதூகலத்துக்கும் செகிரியாவின் ஒப்பாரிக்கும் ஒட்டுறவே இல்லை என்று தோன்றும்.

கோட்ஃபிரீட் தூசான் என்ற கணினி விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 2004-ல் இத்தாளங்களை ஒப்பிட்டு வம்சாவளி வரைந்தார்கள். உயிரினங்களின் மரபணுக்களை ஒப்பிட உயிரியலாளர்கள் வைத்திருந்த அதே முறையில்! இதனால் என்ன லாபம் என்று முதலில் கேட்கும் நிதிக்குழுக்களிடம் இத்தகைய ஆய்வுகள் தேறுவது கடினம். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. 'இதெல்லாம் ரத்தத்தில் ஊற வேண்டும்' என்ற பேச்சும் அப்படித்தான். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்கிறது, தாளம் இல்லை. மடியில் கிடந்த வயதிலிருந்து பெரியவர்கள் தட்டுவதைக் கேட்ட குழந்தைக்கு 8 இடறாது, அவ்வளவுதான்.

தட்டுவதிலும் இரு வகை. விரல்களால் உள்ளங்கையில் அறைந்தால் கூர்மையான ஓசை. இரு கைகளையும் குழித்துத் தட்டினால், உள்ளே அடைபட்ட காற்று அதிர்ந்து தணிந்த ஓசை. பாடகர் மெல்லப் பாடும்போது இரண்டாவது வகைதான்.

வாசகிக்கு ஒரு யோசனை: அடுத்தமுறை 10-ஐக் கவனியுங்கள். சொலெயாவில் ராக வரி முடிவது அங்கேதான், 12-ல் அல்ல. ஆட்டக்காரி 10-ல் குதிகாலை ஊன்றி அசையாமல் நிற்பார். அப்போதும் தட்டிக்கொண்டிருப்பவர்கள் 12 வரை எண்ணுகிறவர்கள்.