தெளிந்த நீர் பச்சையாக்கிய ஏரி

ஏரி எவ்வளவு தெளிவு என்று அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டியது, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். செக்கி தட்டு என்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில், 1964 கோடையில் இந்தத் தட்டு சுமார் ஒரு மீட்டர் இறங்கியதுமே காணாமல் போனது. அத்தனை பாசி.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஏரிக்குள் வந்ததில் பெரும்பகுதி சாக்கடை அல்ல. கரையோர ஊர்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் விட்டுக்கொண்டிருந்தன.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். முதலில் கம்பித் தடுப்பில் துணி, குப்பை சிக்கும். அப்புறம் மணலும் கசடும் தனித்தனித் தொட்டிகளில் படியும். உண்மையான வேலை காற்றூட்டும் தொட்டியில்தான். அடியிலிருந்து காற்று கொப்பளிக்க, டிகாக்‌ஷன் நிறத்தில் நீர் புரண்டுகொண்டிருக்கும். அந்த நிறம் அழுக்கின் நிறம் இல்லை, பாக்டீரியாக் கூட்டம். கரைந்திருக்கும் கழிவைத் தின்று பெருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரளாகின்றன. நிலையத்து ஆபரேட்டர் அந்த நீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்பார். பழுப்புத் திரள் மெல்லக் கீழே இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றால் நிம்மதி. இறங்காமல் அடம்பிடித்தால் அன்றைக்கு அவருக்குத் தலைவலி.

அப்படித் தெளிந்த நீரில் நாற்றம் இல்லை. ஆனால் பாஸ்பரஸ் பெரும்பங்கு அப்படியே இருக்கிறது. பாக்டீரியா தன் உடம்புக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நம் சிறுநீரும் மலமும், அந்தக் காலத்துச் சலவைத்தூளும் சேர்ந்து தருவதோ அதைவிட ரொம்ப அதிகம்.

பாஸ்பரஸ் மேல் ஏன் இவ்வளவு கோபம்? பாசிக்கு வேண்டிய கார்பனும் நைட்ரஜனும் காற்றிலிருந்தே ஓரளவு வந்துவிடும். பாஸ்பரஸ் வராது, பாசியைக் கட்டிப்போடுவதே அந்தப் பற்றாக்குறைதான். கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழு 1973இல் ஒரு சிறு ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஆனது. வானிலிருந்து எடுத்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களிடம் பெரிதாக விளக்க வேண்டியிருக்காது.

பாஸ்பரஸை நிலையத்திலேயே பிடிக்க வழி உண்டு. படிகாரமோ ஃபெர்ரிக் குளோரைடோ கலந்தால் அலுமினியமோ இரும்போ பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகிக் கசடோடு படிந்துவிடும். கலங்கல் தண்ணீரில் படிகாரம் போடும் நம் வீட்டுப் பழக்கத்துக்குச் சொந்தம்தான், ஆனால் இங்கே பிடிபடுவது கண்ணுக்கே தெரியாத ஒன்று. இன்னொரு வழி எனக்குப் பிடித்தது: சில பாக்டீரியாக்களை முதலில் ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் வைத்தால், கையிருப்புப் பாஸ்பரஸைச் செலவழித்து உணவைச் சேர்த்துக்கொள்ளும். பிறகு காற்றுள்ள தொட்டிக்குப் போனதும், விட்டதற்கு மேலேயே அள்ளிப் பதுக்கும். பதுக்கியவற்றைக் கசடோடு வெளியே எடுத்துவிட வேண்டியதுதான்.

சியாட்டிலுக்குப் பக்கத்திலேயே கடல் இருந்ததால் வேறு வழி கிடைத்தது. 1955இல் ஏரியில் ஒரு நீலப்பச்சைப் பாசி தலைகாட்டியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெடத் தொடங்கியபோது வந்ததும் அதே பாசிதான் என்பதை அறிந்த எட்மண்ட்சன் என்ற ஏரி அறிஞர் எச்சரித்தார். மக்கள் 1958இல் வாக்களித்துப் பொது அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். 1963 முதல் 1968 வரை குழாய் பதித்து, கழிவுநீர் முழுவதையும் ஏரிப் பக்கம் வராமல் கடல் பக்கம் திருப்பினார்கள். பாஸ்பரஸ் மளமளவென இறங்க, பாசியும் குறைந்தது.

1976இல் ஏரி இன்னொரு முறை திடீரென்று தெளிந்தது. இம்முறை வேலை செய்தது டாஃப்னியா என்ற குட்டி நீர்ப்பூச்சி. நீரை வடிகட்டிப் பாசியைத் தின்பது அதன் தொழில். நீளநீளமான அந்தப் பழைய நீலப்பச்சைப் பாசி இழைகள் இருந்தவரை அதன் சல்லடைக் கால்கள் அடைத்துக்கொண்டே இருந்தன.